தொட்டேன்

ஒன்பது மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், மழை பிடித்துக்கொள்ளலாம், ட்ரெய்லரை வாங்க வருகிறவன் வராமல் போகலாம், ஜெசிந்தாவே மனசு மாறி விற்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று மங்கையர்க்கரசி வேனுக்குள் உட்கார்ந்தபடி வரிசையாக நினைத்துப் பார்த்தாள். நினைத்து முடிப்பதற்குள்ளாகவே இதில் ஒன்றும் நடக்கப் போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. டெக்சாஸின் மலைப்பக்கத்தில் அக்டோபர் மாதத்து வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. நமக்கு வேண்டும் என்கிறபோது மழை வந்துவிடுமா என்ன. டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இந்த வேனில் எல்லாம் கையெட்டும் தூரம்தான். கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்பைப் பற்றவைக்கலாம், அடுப்பிலிருந்து கையை நீட்டினால் ஃபிரிட்ஜ், அதற்கு மேலே தட்டு. கீழ்த் தட்டு இரண்டையும் அவள் போன வருஷமே காலி செய்துவிட்டாள். அரிசி, பருப்பு, சோப்பு, செருப்புகூட இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது. யாராவது கேட்டால் கீழே எறும்பு வருகிறது என்று சொல்லலாம் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தாள், ஒருத்தியும் கேட்கவில்லை. ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கினாள். எதிரே ஓக் மரத்தடியில் ஜெசிந்தா தரைவிரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். உதறி மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடியும் உதறினாள். தூசியே இல்லாத விரிப்பை எத்தனை தரம்தான் உதறுவாள் இந்தப் பெண். மங்கை திரையை விட்டுவிட்டாள்.

தொட்டேன் என்பது இந்தச் சங்கத்தின் சொல். பதினோரு பெண்கள், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு ஊருக்கு வெளியே ஏதாவதொரு முகாமில், ஆளுக்கொரு வண்டி, சமைத்துத் தூங்க வசதியுள்ள வேனோ காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற ட்ரெய்லரோ, ஆண்கள் கிடையாது, பிள்ளைகள் கிடையாது, வீட்டிலிருந்து போன் வந்தால் தள்ளிப்போய்ப் பேச வேண்டும். சமைப்பதும் பேசுவதும் தூங்குவதும் தவிர இங்கே வேறு வேலை இல்லை. சௌந்தரத்தின் நாத்தனார் இவர்களை ஊர்சுற்றிகள் என்று கேலி செய்யப்போக, அதையே சௌந்தரம் சங்கத்துக்குப் பெயராக வைத்துவிட்டாள். பொள்ளாச்சிக்காரி, அறுபத்தேழு வயது, யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டுப் பழகாதவள். சங்கம் ஆரம்பித்த முதல் வருஷம் ஒருத்தி தண்ணீர்க் குழாயைக் கழற்றாமலேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதில் குழாயடியே பிடுங்கிக்கொண்டு வந்து, தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. பார்த்தேனே, கழற்றித்தானே இருந்தது என்று அவளுக்குத் துணை நின்றவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அன்றைக்கு சௌந்தரம் போட்ட விதிதான் இது. இனிமேல் பார்த்தேன் என்று இங்கே ஒருத்தியும் சொல்லக்கூடாது. கிளம்பும்போதும் நிறுத்தும்போதும் வண்டிக்காரி பட்டியலை வாசிக்க வேண்டும், துணை நிற்கிறவள் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுவிட்டு, தொட்டேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி கத்த வேண்டும். படி, காஸ், குழாய், ஒயர், கொக்கி, சங்கிலி, கட்டை. கட்டை என்றால் சக்கரம் உருளாமல் அண்டைகொடுக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் ஆப்பு. அதைத் தொடுவது என்றால் பேருக்கு விரல் வைப்பது இல்லை, குனிந்து, கையால் தள்ளி, சக்கரத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பது. குனிந்து. ஆரம்பத்தில் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது, சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற மாதிரி. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. தொட்டவள் தொட்டேன் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி இல்லை, அதற்குப் பிறகு ஏதாவது ஆனால் அது வண்டிக்காரியின் பிழை. விதி நல்ல விதிதான், அதைக் குறைசொல்ல முடியாது.

போன மாதம் ஏரிக்கரையில் ஜெசிந்தாவுக்குத் துணை நின்றது மங்கை. சரிவான இடம். சங்கத்தில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண், நாற்பது வயது, தூத்துக்குடி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. புருஷன் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தன் சம்பளத்தில் அந்தச் சின்ன ட்ரெய்லரை வாங்கி, தன் காரின் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு வந்தவள். ஒரே முயற்சியில் பின்னோக்கி எடுத்து மரங்களுக்கு நடுவே நிறுத்தினாள், எல்லோரும் கை தட்டினார்கள், முகம் பூராவும் பல்லாக இறங்கி வந்து கட்டைகளை வைத்தாள், முன்னால் போய் நின்று பட்டியலை வாசித்தாள். படி என்றாள், தொட்டேன். காஸ் என்றாள், தொட்டேன். கட்டை என்றாள். மங்கை நின்றவாக்கில் பார்த்தாள். சக்கரத்தின் பக்கத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் ஒட்டியிருப்பது போலத்தான் இருந்தது, இப்போது கண்ணை மூடினாலும் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கிறது. வெயில். மணி ஒன்று. யாரோ புளியோதரை டப்பாவைத் திறந்துவிட்டார்கள், அந்த நல்லெண்ணெய் வாசனை. வலது முழங்கால் காலையிலிருந்தே கணகணவென்று இருந்தது. குனிந்துவிடலாம், ஆனால் எழுந்திருக்க எதையாவது பிடிக்க வேண்டும், பிடித்து எழுந்தால் பார்ப்பார்கள். தொட்டேன் என்றாள். ஜெசிந்தா ட்ரெய்லரைக் காரோடு பூட்டியிருந்த கொக்கியைக் கழற்றினாள். ட்ரெய்லர் அந்த ஒரு சாண் உருண்டு வந்த வேகத்திலேயே கட்டையின் மேல் ஏறி இறங்கி, அவசரமே இல்லாமல், சரிவில் போயிற்று. கீழே சௌந்தரம் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். சௌந்தரம் கத்தக்கூட இல்லை, அட என்றாள்.

அது பிழை. பிழை யாருக்கும் வரும். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மங்கையின் மனசு சற்று இளைப்பாறும், ஒரு நொடிதான், அதற்குப் பிறகு அந்தச் சாயங்காலம் வந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, கணுக்கால் இரண்டு இடத்தில் முறிவு, உயிருக்கு ஒன்றுமில்லை. மரமேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், புளியோதரை அப்படியே இருந்தது. யாரோ ஒருத்தி, அவள் பெயரைக்கூட மங்கை இப்போது நினைக்க விரும்பவில்லை, சந்தேகமே இல்லாத குரலில், சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல், மங்கைக்கா நீங்க கட்டையைத் தொட்டீங்கல்ல என்று கேட்டாள். தொட்டேன். வாயிலிருந்து தானாக வந்தது. வந்ததா, இவள் விட்டாளா? நாலு வாரமாக இவள் இந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறாள். மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது, அந்த நேரத்தில் இல்லைம்மா, பார்த்தேன், தொடவில்லை என்று சொல்லியிருக்கலாம், மூன்று வார்த்தை. மதுரையில் ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தொரு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள். மங்கையம்மா பார்த்தாச்சா, அப்போ சரி என்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஒரு ரிப்போர்ட்டைக்கூடப் பார்க்காமல் எழுதியதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலோடு போய் மூன்றாம் தரம் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தக் கர்வம்தான், பார்த்தால் போதும் என்கிற கர்வம். அதைக் கண்ணின் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம் என்றால், மேசையில் சொன்ன தொட்டேனுக்குக் கண் என்ன செய்யும், அது வாயின் வேலை அல்லவா. ஜெசிந்தா எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "அப்ப நான்தான். கொக்கியக் கழட்டுததுக்கு முன்ன காரை லேசா ஒரு இழு இழுத்திருப்பேன், அதுல கட்ட வெலகியிருக்கும்" என்றாள். ஒருத்தியும் அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பக்கத்தில் இருந்தது மங்கைதான்.

இதை ஏன் சொல்ல முடியவில்லை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும், ஏன் குனியவில்லை. முட்டி மடங்காது என்று சொல்ல வேண்டும். தொட முடியாதவள் தனியாக வண்டி எடுத்து வரக்கூடாது என்பதும் விதிதான், முன்பு சங்கத்தில் இருந்த பத்மாசனிக்கு அதைத்தான் சொன்னார்கள், எவ்வளவு பதமாகச் சொன்னார்கள், முதுகு ஆபரேஷன் ஆனவள் நீ, வண்டி வேண்டாம், எங்கள் யார் வண்டியிலாவது விருந்தாளியாக வா. இரண்டு தரம் விருந்தாளியாக வந்தாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடாமல் ஆளுக்கு ஆள் தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் தரம் வரவில்லை, ஏன் என்று யாரும் போன் செய்து கேட்கவில்லை, மங்கையும் கேட்கவில்லை. மகனுக்கு இதெல்லாம் தெரிந்தால் போதும், அவன் ஏற்கெனவே வாரம் தவறாமல், இந்த வயசுல உனக்கு இது எதுக்கும்மா, வித்துரலாம்மா என்கிறான். நல்ல பிள்ளை. நல்ல மருமகள். அந்த வீட்டில் அவளுக்கு ஓர் அறை இருக்கிறது, அதில் ஜன்னல் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே இன்னொரு வீட்டின் சுவர் இருக்கிறது. திங்களிலிருந்து வெள்ளிவரை அவள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அடுத்த சந்திப்புக்கு என்ன சமைத்து எடுத்துப் போகலாம் என்று யோசிப்பாள். புருஷன் போன பிறகு, ஐம்பத்தாறு வயதில் லைசென்ஸ் வாங்கி, இந்தப் பழைய வேனைத் தன் பெயரில் எழுதி, முதல் தரம் தனியாக நெடுஞ்சாலையில் ஏறியபோது பயத்தில் வாய்விட்டு முருகா முருகா என்று கத்திக்கொண்டே போனாள், இறங்கியபோது தொண்டை கட்டியிருந்தது, ஆனால் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அதை விட முடியாது. அதை விடாமலிருக்க ஜெசிந்தாவினுடையதை எடுத்துக்கொண்டாயிற்று. இவ்வளவு பச்சையாக அவள் இதுவரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை. காபியை ஆற்றினாள். மேசைத் துணியில் கொஞ்சம் சிந்தியது.

சிந்தியதைத் துடைத்துவிட்டு இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு இறங்கினாள். வேன் படியில் வலது காலை முதலில் வைக்கக்கூடாது, இடது கால், பிறகு கம்பி, பிறகு வலது. இதை ஒரு நாட்டியம்போல யாருக்கும் தெரியாமல் செய்யப் பழகியிருந்தாள். சௌந்தரம் கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் போகக்கூடாது என்றாராம், இவள் போகிறேன் என்றாளாம், அவ்வளவுதான் கதை. இன்னொருத்தி வண்டியில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள், ஜெசிந்தாவின் கடைசிச் சந்திப்பு என்பதற்காகவே. "வா மங்கை, காப்பியா, கொண்டா கொண்டா. இவளுக போடறது காப்பியா, கழனித்தண்ணி" என்று டம்ளரை வாங்கிக்கொண்டாள். மங்கை நின்றாள். இப்போது சொல்லிவிடலாம். யாரும் அருகில் இல்லை. அக்கா என்று ஆரம்பித்தால் போதும். "அக்கா" என்றாள். "அந்தப் புள்ளய நெனச்சாத்தான் எனக்கு ஒண்ணும் ஓட மாட்டீங்குது" என்று சௌந்தரம் மரத்தடியைப் பார்த்தபடி தொடங்கிவிட்டாள். "என்ற காலு கூடிரும். டாக்டர் சொல்லிட்டாரு. அவளுக்கு என்ன கூடும் சொல்லு. கார் ஓட்டறதையே உட்டுட்டாளாமா. வேலைக்குப் போறதுக்கு, கூட வேலை செய்யற புள்ள வந்து கூட்டிட்டுப் போகுதாமா. புருசங்காரன் நாஞ் சொன்னேன் நாஞ் சொன்னேன்னு ஒரே ராகம். நான் எத்தன தடவ சொல்லிட்டேன், போச்சாது போ கண்ணு, ஆனது ஆச்சு, வித்துப்போடாதன்னு. கேக்க மாட்டீங்கறா." மங்கை தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடை கட்டியிருந்தது. "நீ என்னமோ சொல்ல வந்தியே" என்றாள் சௌந்தரம். "சர்க்கரை போதுமான்னு கேட்க வந்தேன்க்கா." போதும் என்றாள் சௌந்தரம், நல்லாருக்கு என்றாள்.

மணி எட்டரை. இன்னும் அரைமணி. நேற்றுச் சாயங்காலம் எல்லோரும் அடுப்பைச் சுற்றி இருந்தபோது ஜெசிந்தா இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள். வெள்ளிக்கிழமை அவள் புருஷன்தான் காரும் ட்ரெய்லருமாக இழுத்து வந்து நிறுத்திவிட்டுத் தன் சினேகிதனோடு திரும்பிப் போனான். கொக்கியைக் கழற்ற ஜெசிந்தா விடவே இல்லை, இரண்டு நாளும் ட்ரெய்லர் காரோடு பூட்டியபடியே நிற்கிறது, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு கட்டை வேறு. பத்து மணிக்கு வாங்குகிறவன் முகாம் வாசல் பக்கத்து மைதானத்துக்கு வந்துவிடுவான், ஒன்பது மணிக்கு வண்டியை அங்கே கொண்டுபோய் விட வேண்டும். "நீங்களே எல்லாத்தையும் தொட்டு, நீங்களே ஓட்டிக் கொண்டு விட்ருங்கக்கா. நான் கைய வைக்க மாட்டேன். நீங்க தொட்டா எனக்குப் பயமில்ல" என்று சாவியை இவள் கையில் வைத்து மூடினாள். உள்ளங்கை சில்லென்றிருந்தது. எனக்குப் பயமில்ல. இந்தப் பெண் உலகத்தில் ஒருத்தியை நம்புகிறாள், தன்னைவிட அதிகமாக நம்புகிறாள், அந்த ஒருத்தி இவள். ராத்திரி பூராவும் சாவி தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. செய்துவிட்டுப் போய்விடலாம். முன்னூறு அடி தூரம். சமதரை. இன்றைக்கு மட்டும் எப்படியாவது குனிந்துவிட்டால், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிஜமாகவே தொட்டுவிட்டால், கணக்கு நேராகிவிடாதா. ஆகாது என்று தெரியும். பத்து மணிக்கு விற்றாகிவிடும், பதினோரு மணிக்கு எல்லோரும் கட்டிப்பிடித்து விடைபெறுவார்கள், அடுத்த மாதம் பத்துப் பேர் வருவார்கள், ஒரு வருஷத்தில் ஜெசிந்தா என்ற பெயரே மறந்துபோகும், பத்மாசனியை மறந்ததுபோல. மறந்துபோகும் என்பது ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. இப்படியெல்லாம் ஆறுதல் தேடுகிற பொம்பளையா நான், எப்போதிலிருந்து, முட்டி வலிக்க ஆரம்பித்த பிறகா, அதற்கு முன்னாலேயே இப்படித்தானா, லேபில் மூன்றாம் தரம் போய்ப் பார்த்ததுகூட நோயாளிக்காகவா, மங்கையம்மா என்ற பெயருக்காகவா. வலது முழங்கால் தானாகவே ஒருமுறை துடித்தது. தைலத்தை எடுத்தாள், வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று மூடி வைத்தாள். வெளியே யாரோ எதற்கோ பெரிதாகச் சிரித்தார்கள். ஜெசிந்தா இல்லை. அவள் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும், முன்பெல்லாம்.

ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜெசிந்தா வந்து வேன் கதவைத் தட்டினாள். "போவமாக்கா?" தலைவாரிப் பொட்டிட்டு, நல்ல சுடிதார் ஒன்று போட்டிருந்தாள், யாரையோ வழியனுப்பப் போகிறவள்போல. இருவரும் சரளைக்கல்லில் நடந்தார்கள். மங்கை சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள், பற்கள் உள்ளங்கையில் பதிந்தன. ட்ரெய்லர் வெள்ளையாக, கழுவித் துடைத்து நின்றது; உள்ளே திரைகளைக்கூடத் துவைத்துப் போட்டிருந்தாள், எவனோ ஒருவனுக்காக. ஜெசிந்தா பட்டியல் அட்டையை எடுத்து, இவளிடமிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டாள். தள்ளி நின்றபடியே "படி" என்று வாசித்தாள். மங்கை படியைத் தொட்டாள். தொட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. தொட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், இரும்பு குளிர்ச்சியாகக் கையில் இருக்கிறது, இது பொய்யே இல்லை, ஆனாலும் வரவில்லை. "அக்கா?" என்றாள் ஜெசிந்தா. மங்கை படியை விடாமல், அவள் பக்கம் திரும்பாமல், சொன்னாள். "நான் அன்னைக்குத் தொடலைம்மா."

"எதை?"

"கட்டையை. ஏரிக்கரையில. நின்னுக்கிட்டே பார்த்தேன். குனிஞ்சு தொடலை. தொட்டேன்னு சொன்னேன். சாயங்காலம் எல்லாரும் கேட்டப்பவும் தொட்டேன்னுதான் சொன்னேன். நீ காரை இழுக்கலை ஜெசி. கட்டை முதல்லயே தள்ளித்தான் இருந்திருக்கு."

ஜெசிந்தா அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று தேடுகிறவள்போல. அழுவாள் என்று மங்கை நினைத்தாள், கத்துவாள் என்று நினைத்தாள், இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தாள். ஜெசிந்தா அட்டையிலிருந்து தலையைத் தூக்கி, "ஏன் குனியல?" என்றாள்.

"முட்டி மடங்காதும்மா. ஒரு வருசமா. யாருக்கும் சொல்லலை."

"சொல்லியிருந்தா நான் வந்து தொட்டிருப்பேம்லா." இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவ்வளவுதானே என்று ஆச்சரியப்பட்டுச் சொன்னாள். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது, கழுத்திலிருந்து மேலே ஏறி முகம் முழுவதும் பரவியது. "எனக்கு ஞாபகம் இருக்குக்கா. காரு லேசா முன்ன போனது. என் காலு பெடல்ல அழுத்தினது. எல்லாம் ஞாபகம் இருக்கு. நாலு வாரமா கண்ண மூடுனா அதான் வருது. நடக்காததக் கூட்டி வச்சு ஞாபகம் பண்ணி வச்சிருக்கேன். என் முதுகத் தடவுனியள்லா அன்னைக்கி, அந்தக் கையாலதான."

"என்னை மன்னிச்சிரும்மா."

"அத இப்பக் கேக்காதிய." அவள் நாலடியையும் கடந்து வந்து மங்கையின் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டாள். பட்டியல் அட்டையை அந்தக் கையில் திணித்தாள். "நீங்க வாசிங்க. நான் தொடுதேன்."

மங்கை வாசித்தாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை, சத்தமா என்றாள் ஜெசிந்தா, மங்கை சத்தமாக வாசித்தாள். படி. ஜெசிந்தா அறைகிற மாதிரி அதைத் தட்டி, தொட்டேன் என்றாள். காஸ். குழாய். ஒயர். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே ட்ரெய்லரைச் சுற்றி வந்தாள், நாலு வாரமாக ஒரு விரல்கூட வைக்காத கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள், சங்கிலியை இழுத்தாள். கட்டை என்று மங்கை வாசித்ததும் தரையில் மண்டியிட்டு, நல்ல சுடிதார் முழுக்க மண்ணாக, ஒவ்வொரு கட்டையையும் சக்கரத்தோடு வைத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு உருவி எடுத்தாள். எட்டையும் பெட்டியில் போட்டு மூடினாள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அவள் எவ்வளவு சுலபமாக எழுந்துவிட்டாள் என்று மங்கை பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்காமலிருக்க முடியவில்லை.

"பத்து மணிக்கு வாரவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன், விக்கலன்னு" என்றாள் ஜெசிந்தா. "எங்க வீட்டுக்காரர்கிட்டயும் பேசிக்கிடுதேன். நீங்க போயி சௌந்தரக்காட்ட சொல்லுங்க. இப்பவே. நான் வண்டில உக்காந்து கண்ணாடில பாத்துட்டே இருப்பேன். சொல்லிட்டேன்னு நீங்க திரும்பி வந்து சொன்னா நான் நம்ப மாட்டேன்." காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எஞ்சின் உயிர்பெற்றது. நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

சௌந்தரத்தின் நாற்காலிவரை முப்பது முப்பத்தைந்து தப்படி இருக்கும். மற்ற பெண்களும் அவளைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டார்கள், யாரோ கையில் தட்டு வைத்திருந்தார்கள். மங்கை நொண்டிக்கொண்டே நடந்தாள். ஒரு வருஷமாக மறைத்த நொண்டல், இப்போது மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, மறைக்கத் தோன்றவில்லையே என்பதும் தாமதமாகத்தான் உறைத்தது. என்ன சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது, முட்டியிலிருந்து ஆரம்பித்தால் பரிதாபம் தேடுவதாகிவிடும், கட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம், மேசையிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம். பத்மாசனிக்குப் போட்ட நாற்காலி எது என்று கண் தேடியது. பின்னால் எஞ்சின் சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்ணாடியில் தன் முதுகு எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று ஒரு கணம் நினைத்தாள். "ஏ மங்கை, காலுக்கு என்னாச்சு?" என்று சௌந்தரம் பதறிக் கையை நீட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடான, கெட்டியான கை. மங்கை உட்காரவில்லை.

"அக்கா, ஜெசி மேல ஒரு தப்பும் இல்லை. அன்னைக்கு நான் கட்டையைத் தொடாமலேயே தொட்டேன்னு சொன்னேன். அப்புறம் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். உங்க காலு என்னாலதான் போச்சு."

தட்டு வைத்திருந்தவள் அதைக் கீழே வைத்தாள். சௌந்தரம் தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள், பிறகு மங்கையின் முகத்தை, வெகு நேரம். பிறகு அவள் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா வண்டியை எடுத்துவிட்டாள்.